பழசுக்கு ஒரு தேதி

பழசு என்பது தானாக விளைவதில்லை. யாரோ உட்கார்ந்து தேதி குறிக்கிறார்கள். அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் வேர்கொண்ட ‘சீனியர் பேட்டர்ன் அசோசியேஷன்’, ரேடியோவால் இயக்கும் மாதிரி விமானங்களுக்குச் சாகசப் போட்டி நடத்துகிறது. அங்கே அடிப்படை விதி: விமானத்தின் வடிவமைப்பு 1976 ஜனவரி 1க்கு முந்தியதாக இருக்க வேண்டும். அதற்குப் பிந்தினால் ‘புதுசு’.

பொம்மை விமானத்தைப் பற்றி இங்கே எதுக்கு என்று கேட்கலாம். வரலாற்றைக் காலகட்டங்களாக வெட்டுவது யார், எதற்காக என்ற கேள்வி இங்கேயும் இருக்கிறது. களம் சிறிது என்பதால் வெட்டு துலக்கமாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

இத்துறையின் முதல் உலகப் போட்டி 1960இல் சுவிட்சர்லாந்தில் நடந்தது. வென்றவர் அமெரிக்கரான எட் காஸ்மிர்ஸ்கி; விமானம் அவரே வடிவமைத்த ஓரியன். அக்காலத்து ‘ரீட்’ ரேடியோவில் பாதித் திருப்பம் என்பது கிடையாது. விசையைத் தட்டினால் சுக்கான் முழுசாகத் திரும்பும்; விட்டால் நேராகிவிடும். தட்டித் தட்டித்தான் குட்டிக்கரணத்தை வட்டமாக்கணும். 1960களின் நடுவில், விரல் அசையும் அளவுக்கே சுக்கானும் அசையும் ரேடியோக்கள் பரவின. 1967இல் க்விக்-ஃப்ளை விமானத்தோடு உலகப் பட்டம் வென்ற ஃபில் கிராஃப்ட், அத்தகைய ரேடியோக்களைத் தயாரித்து விற்ற கம்பெனியின் நிறுவனரும்கூட. விளையாட்டு எங்கே முடிகிறது, சந்தை எங்கே தொடங்குகிறது?

பழைய முறையில் நடுவர்முன் ஒரு வித்தை. பிறகு விமானம் தூரம் போய்த் திரும்பி வரும். அந்தத் திரும்பலுக்கு மதிப்பெண் இல்லை. அது ஓட்டுகிறவரின் சொந்த நேரம். 1980களில் ‘டர்ன்அரவுண்ட்’ முறை வந்தது. திரும்புவதும் வித்தையாயிற்று, அதற்கும் மதிப்பெண். வானத்தில் ஒரு பெட்டி கற்பிக்கப்பட்டது; அதற்குள் ஒவ்வொரு நொடியும் கண்காணிப்புக்கு உட்பட்டது. இதை வளர்ச்சி என்று மட்டும் எழுதுவது ஜெயித்தவர்களின் வரலாறு.

பழைய வகுப்புகள் அந்த மதிப்பெண்ணற்ற திரும்பலை மீட்டெடுத்தன. புதுசு வாங்காதவனுக்கு இடமில்லை என்ற சந்தையின் கட்டளைக்கு ‘வேணாம்’ சொன்னதில் ஓர் அரசியல் உண்டு. ஆனால் அதே விதி இன்றைய ரேடியோவை உள்ளே அனுமதிக்கிறது. விமானத்தின் உருவம் காப்பாற்றப்பட்டது. ரீட் விசையைத் தட்டிப் பழகிய விரல்களின் திறன் வெளியே நின்றுவிட்டது. கண்ணுக்குத் தெரிவதை நினைவு எடுத்துக்கொள்கிறது, கையின் உழைப்பை விட்டுவிடுகிறது.

இது அங்கே மட்டுமா நடக்குது? மரபை மீட்கிறோம் என்று யார் வந்தாலும் இரண்டு கேள்வி கேட்போம். எந்தத் தேதியிலிருந்து? யாருடைய உழைப்பைக் கழித்துவிட்டு?