கதைக்குள்ள கொல்லப்பட்ட அப்பா

1974இல் சிபிஎஸ் ரீவியில் தொடங்கின 'குட் டைம்ஸ்' நகைச்சுவைத் தொடரில், சிக்காகோ அரச தொடர்மாடியில் வாழும் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தின் அப்பா ஜோன் அமோஸ். அந்த வீட்டுக்கு அப்பா கட்டாயம் வேணும் எண்டு நிண்டவர், அம்மாவாக நடிச்ச எஸ்தர் ரோல்.

சனமோ மூத்த மகன் ஜேஜேயின்ர கோமாளித்தனத்துக்குத்தான் சிரிச்சுது. எழுத்தாளர்கள் அதையே பெருப்பிச்சினம். டொக்டராகவும் நீதிபதியாகவும் ஆசைப்படுற மற்றப் பிள்ளையளை ஏன் ஓரங்கட்டுறியள் எண்டு அமோஸ் சண்டை பிடிச்சார். தயாரிப்பாளர் நோர்மன் லியர் அவரை நிப்பாட்டினார். 1976இல், அப்பா கார் விபத்தில செத்துப்போனார் எண்டு கதை மாறிச்சு. அப்பா இல்லாத கறுப்பு வீடு. ரோல் எதை வேண்டாம் எண்டாரோ, அதேதான்.

நாலு மாசத்தில, 1977 ஜனவரியில், 'ரூட்ஸ்' தொடரில் தப்பி ஓடினதுக்காகப் பாதம் வெட்டப்படும் அடிமை குந்தா கின்தேயாக அமோஸ் வந்தார். 1994இல் லியரே அவரைத் திரும்பக் கூப்பிட்டார், இன்னொரு அப்பா வேசத்துக்கு.