பந்தும் குவளையும்

கவரைப்பேட்டையிலும் கும்மிடிப்பூண்டிச் சிப்காட் தொழிற்பேட்டையைச் சூழ்ந்த ஊர்களிலும் ஞாயிறு மாலையில் கிரிக்கெட் ஆடாத இளைஞர் குழு அரிது. இரவு முறை வேலை முடித்து வந்தவரும் சிறிது உறங்கி எழுந்து மட்டையைத் தேடுகின்றனர். எட்டு மணி நேரம் இயந்திரத்தின்முன் நின்ற உடலுக்கு ஓட்டமும் வியர்வையும் மருந்து என்பதை அவர்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆயின், ஒடுக்கப்பட்ட மக்களுள் பிறந்த ஒருவர் நூறாண்டுகளுக்கு முன்னரே இவ்வாட்டத்தில் இந்தியாவின் தலைசிறந்த பந்து வீச்சாளராக விளங்கினார் என்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிவர்? அவர் பெயர் பல்வாங்கர் பாலு.

பாலு 1876-இல் தார்வாரில் பிறந்தார். தோல் தொழிலோடு பிணைக்கப்பட்டுத் தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட சமார் சமூகத்தவர். பூனாவில் பார்சியரின் கிரிக்கெட் சங்கம் ஒன்றில் ஆடுகளத்தைப் பெருக்கி உருளை இழுக்கும் வேலை முதலில் கிடைத்தது. மாத ஊதியம் 3 ரூபாய். பின்னர் ஐரோப்பியரின் பூனா சங்கத்தில் 4 ரூபாய். அங்குக் களத்தைச் செப்பனிடுவதோடு, துரைமார் பயிற்சி பெறுதற்பொருட்டு வலையில் பந்தும் வீச வேண்டும். கிரெய்க் என்னும் புகழ்பெற்ற மட்டையாட்டக்காரர், பாலு தம்மை வீழ்த்திய ஒவ்வொரு முறையும் எட்டணா கொடுத்தார் என்பர். இவ்வாறு மணிக்கணக்கில் வீசி வீசியே அவரது இடக்கைச் சுழற்பந்து கூர்மை பெற்றது. மட்டையை மட்டும் அவர் கையில் எவரும் கொடுக்கவில்லை. பந்து வீசுதல் உழைப்பு. மட்டை பிடித்தல் பெரிய மனிதரின் பொழுதுபோக்கு. வயலில் இருந்த பிரிவினையே வலைக்குள்ளும் இருந்தது.

அவர் கையிலிருந்த பந்தின் அமைப்பை ஈண்டுச் சற்று நோக்குதல் தகும். நடுவில் தக்கை, அதன்மேல் இறுகச் சுற்றிய நூல், அதன்மேல் படிகாரத்தால் பதனிட்ட மாட்டுத்தோல். தோலைத் துண்டங்களாக வெட்டி, இரண்டு அரைக்கோளங்களாக்கி, நடுவே வரிசை வரிசையாகத் தைக்கின்றனர். ஆடவர் ஆட்டத்துக்குரிய புதுப்பந்தின் எடை 155.9 கிராமுக்குக் குறையாமலும் 163 கிராமுக்கு மிகாமலும் இருத்தல் வேண்டும். மேடாக எழும்பி நிற்கும் அத்தையலைப் பற்றியே சுழற்பந்து வீச்சாளரின் விரல்கள் தம் வித்தையைக் காட்டுகின்றன. இது தொழில்நுட்பமன்றி வேறென்ன? தோலை அறிந்த கைகளின் அறிவு இது. இன்றும் மீரட் நகரில் பந்து தைப்போருள் பலர் ஜாதவ் சமூகத்தவர். நமக்கும் இத்தொழில் அயலானதன்று. சென்னைக்குத் தெற்கேயுள்ள குரோம்பேட்டை தன் பெயரையே குரோம் முறையில் தோல் பதனிட்ட ஆலையிலிருந்து பெற்றது. மாட்டுத்தோல் தீட்டு, அதைப் பதனிடுவோனும் தீட்டு, அத்தோலாலான பந்து மட்டும் தீட்டன்று!

ஐரோப்பியரை வெல்ல விரும்பிய பூனா இந்துக்களுக்குப் பாலுவின்றி வழியில்லை. தயங்கிய பின்னரே சேர்த்துக் கொண்டனர். களத்தில் அவர் வீசிய பந்தை மேல்சாதி ஆட்டக்காரர் தயக்கமின்றித் தொட்டனர். இடைவேளையிலோ, அவருக்கு மட்டும் கூடாரத்துக்கு வெளியே தனி மண்குவளையில் தேநீர். தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளையைக் கண்ட நம் பெரியோருக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?

1896-இல் பம்பாய் மாகாணத்தைப் பிளேக் நோய் தாக்கியது. அதன் பின்னர்ப் பாலு பம்பாய் சென்றார். அங்கு இரயில்வேயில் பணியாற்றி, இந்து ஜிம்கானா அணியிலும் ஆடினார். பம்பாயில் உடனிருந்து உண்ணும் நிலை வந்தது. 1906-இல் இந்து அணி ஐரோப்பியரை 109 ஓட்டங்களால் வென்றது. அவ்வணியில் பாலுவும் தம்பி சிவராமும் இருந்தனர். 1911-இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து சென்ற அணி பல ஆட்டங்களில் தோற்றது. ஆயினும் பாலு 114 விக்கெட்டுகள் வீழ்த்தினார், சராசரி 18.84.

இத்தகையவருக்கு அணித்தலைமை மட்டும் கிட்டவில்லை. 1920-இல் அவரை அணியிலிருந்தே நீக்கினர். உடனே தம்பியர் சிவராமும் விட்டலும் ஆட மறுத்து விலகினர். தொழிற்சங்கம் அறிந்த நம் வட்டாரத்தார் இதனை வேலைநிறுத்தம் என்றே கொள்ளலாம். பின்னர்ப் பாலுவைத் துணைத்தலைவராக்கி மீண்டும் அழைத்தனர். 1923-இல் விட்டல் அணித்தலைவரானார். அவ்வாண்டு இந்து அணி வென்றபோது, மேல்சாதியினரே அவரைத் தோளில் சுமந்தனர். அண்ணனுக்குக் கிடைக்காதது தம்பிக்குக் கிடைத்தது.

1932-இல் கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தில் அண்ணல் அம்பேத்கர், நம் தமிழகத்து இரட்டைமலை சீனிவாசன், எம். சி. ராஜா ஆகியோரின் பெயர்களோடு பாலுவின் பெயரும் உண்டு. 1937-இல் பம்பாய்ச் சட்டமன்றத் தேர்தலில் காங்கிரசு அவரையே அண்ணலுக்கு எதிராக நிறுத்தியது. அண்ணல் 13,245 வாக்குகளும் பாலு 11,225 வாக்குகளும் பெற்றனர். இச்செய்தி நம்முள் சிலருக்குக் கசக்கலாம், எனினும் மறைத்தற்குரியதன்று. அரசியலில் அவர் சென்ற வழி வேறு. களத்தில் அவர் ஈட்டிய பெருமை வேறு.

பொது உணவு விடுதியில் வைத்திருக்கும் பாத்திரத்தை ஒருவர் பயன்படுத்துவதைத் தீண்டாமையின் பேரால் தடுப்பது குற்றம் என்னும் சட்டம் 1955 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்தது. அடுத்த மாதம் 4-ஆம் நாள் பாலு பம்பாயில் காலமானார்.