ஐம்பது சொல் வாசல்

1901இல் ஆஸ்திரேலியா இயற்றிய குடிவரவுச் சட்டத்தில் எந்த நிறத்தின் பெயரும் இல்லை. அதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. அதிகாரி ஏதோவொரு ஐரோப்பிய மொழியில் 50 சொற்கள் வாசிப்பார். வந்தவர் பிழையின்றி எழுத வேண்டும். எந்த மொழி என்பது அதிகாரியின் இஷ்டம். பல மொழிகள் அறிந்த எழுத்தாளர் எகோன் கிஷ்ஷுக்கு 1934இல் ஸ்காட்டிஷ் கேலிக்கில் தேர்வு வைத்தார்கள். ஃபெயிலாக்கணும்னு முடிவு பண்ணிட்டா, கேள்விக்கா பஞ்சம்?

தேர்வு 1958இல் ஒழிந்தது. 1966இல் கெடுபிடி தளர்ந்தது. 23 ஆண்டுகளுக்குப் பிறகு, 1972 டிசம்பரில், தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. மறு ஆண்டே, குடியேறுவோரை இனம் பார்த்துத் தேர்ந்தெடுப்பதைப் பிரதமர் விட்லமின் அரசு கைவிட்டது. ஆனால் வேலையின்மை ஏற, அனுமதி எண்ணிக்கையை அதே அரசு குறைத்தது. வாசல் திறந்துச்சு, அகலம் சுருங்கிச்சு.

83க்குப் பிறகு ஈழத்தமிழர்கள் அங்கே போய் இறங்கியபோது, யாரும் 50 சொல் எழுதச் சொல்லவில்லை.