படுத்தா மூச்சு முட்டுதா? வீசிங்னு நினைக்கிறது தைராய்டு கட்டியாகவும் இருக்கலாம்... நெஞ்சைத் திறக்காமலே எடுக்க முடியுமா?

மல்லாந்து படுத்தா மூச்சு திணறும். ரெண்டு தலையணை வெச்சு சாய்ஞ்சுக்கிட்டா கொஞ்சம் தேவலை. வீசிங்தான் என்று நினைத்து மாதக்கணக்கில் இன்ஹேலர் எடுத்தும் குறையவில்லை. கடைசியில், வேறு ஏதோ காரணத்துக்காக எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயில் மூச்சுக்குழாய் ஒரு பக்கமாக ஒதுங்கியிருப்பது தெரிகிறது.

மார்பெலும்புக்குப் பின்னால் இறங்கிய தைராய்டு கட்டி பலருக்கு இப்படித்தான் வெளிச்சத்துக்கு வருகிறது. இதில் இருக்கும் பெரிய சிக்கல், கட்டி வெளியே தெரியாது என்பதுதான்.

கழுத்தில் இருக்கும் தைராய்டு நெஞ்சுக்குள் எப்படிப் போகிறது?

தைராய்டு, கழுத்தின் முன்பக்கம் மூச்சுக்குழாயை ஒட்டி வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும் சுரப்பி. அது வீங்குவதை முன்கழுத்துக் கழலை என்கிறோம். பல ஆண்டுகளாக மெதுவாக வளரும் கழலை சிலருக்கு கழுத்துக்கு வெளியே துருத்தாமல் கீழ்நோக்கி இறங்கிவிடும். முன்னால் கழுத்துத் தசைகள் தடுக்கின்றன. கீழே தடை குறைவு. புவிஈர்ப்பு, விழுங்கும்போது ஏற்படும் அசைவு, மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் உண்டாகும் இழுவிசை எல்லாம் சேர்ந்து அதை உள்ளே கொண்டுபோகின்றன.

கழலையில் பாதிக்கு மேல் நெஞ்சுக்கூட்டின் வாசலுக்குக் கீழே போயிருந்தால், அதை மார்பெலும்புக்குப் பின் இறங்கிய கழலை என்று பல மருத்துவர்கள் வகைப்படுத்துகிறார்கள். 50 வயதைத் தாண்டியவர்களிடம், குறிப்பாகப் பெண்களிடம், இது அதிகம் காணப்படுகிறது.

ஏன் ஆபத்து?

நெஞ்சுக்கூட்டின் வாசலில் முன்னால் மார்பெலும்பு, பின்னால் முதுகெலும்பு, சுற்றிலும் முதல் விலா எலும்புகள். எலும்பு விரிந்து கொடுக்காது. அதனால் கட்டி பெரிதாகும்போது, நடுவில் போகும் மூச்சுக்குழாய், உணவுக்குழாய், ரத்தக்குழாய்கள்தான் நசுங்கும். கட்டிக்குள் திடீரென ரத்தம் கசிந்தால் அது வேகமாக வீங்கி மூச்சே அடைபடலாம்.

என்னென்ன அறிகுறிகள்?

* படுத்தால் அதிகமாகும் மூச்சுத்திணறல், விடாத இருமல்
* சாப்பாடு தொண்டையில் சிக்குவது போன்ற உணர்வு
* குரல் கம்மிப்போவது
* முகம், கழுத்து வீக்கம், கழுத்து நரம்புகள் புடைப்பது

சிலருக்கு எந்த அறிகுறியுமே இருக்காது. மருத்துவர்கள் செய்யும் எளிய சோதனை ஒன்று உண்டு. இரண்டு கைகளையும் காதோடு ஒட்டி மேலே தூக்கி ஒரு நிமிடம் வைத்திருக்கச் சொல்வார்கள். முகம் சிவந்தோ நீலம் பூத்தோ போனால், மூச்சு முட்டினால், உள்ளே அழுத்தம் இருப்பதாகச் சந்தேகிப்பார்கள். 1946-ல் இதை விவரித்த ஹியூ பெம்பர்டன் என்ற மருத்துவரின் பெயரிலேயே 'பெம்பர்டன் அறிகுறி' என்கிறார்கள். வீட்டில் செய்து பார்த்து நீங்களே முடிவுக்கு வர வேண்டாம்.

'தைராய்டு டெஸ்ட் நார்மல்னு வந்துச்சே?'

பலரும் ஏமாறும் இடம் இதுதான். டி.எஸ்.ஹெச். ரத்தப் பரிசோதனை ஹார்மோன் சரியாகச் சுரக்கிறதா என்று மட்டுமே சொல்லும். சுரப்பி எவ்வளவு பெரிது, எங்கே இருக்கிறது என்று சொல்லாது. ரிப்போர்ட் நார்மலாக இருந்தும் உள்ளே பெரிய கட்டி இருக்கலாம்.

கழுத்து அல்ட்ரா சவுண்டும் எலும்புக்குப் பின்னால் இருப்பதை முழுதாகக் காட்டாது. கட்டி எதுவரை இறங்கியிருக்கிறது, மூச்சுக்குழாய் எவ்வளவு குறுகியிருக்கிறது என்பதற்கு கழுத்தும் நெஞ்சும் சேர்த்து எடுக்கும் சி.டி. ஸ்கேன்தான் முக்கியம். ஸ்கேனுக்குப் போடும் சில மருந்துகளில் அயோடின் அதிகம் இருக்கும். அது சிலருக்குத் தைராய்டு சுரப்பைத் தூண்டிவிடும். எனவே தைராய்டு கட்டி இருப்பதை ஸ்கேன் எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். குரல் நாண்கள் அசைகின்றனவா என்றும் அறுவை சிகிச்சைக்கு முன்பே பார்ப்பார்கள்.

மாத்திரையில் கரையுமா?

இவ்வளவு பெரிய கட்டியை மாத்திரை கொடுத்துச் சுருக்குவது பெரும்பாலும் நடக்காது. மூச்சுக்குழாயை அழுத்தும் கட்டிக்கு அறுவை சிகிச்சைதான் தீர்வு. அறுவை சிகிச்சையைத் தாங்க முடியாத முதியவர்கள் சிலருக்குக் கதிரியக்க அயோடின் கொடுப்பதுண்டு. சிறிய கட்டி, அறிகுறியும் இல்லை என்றால் அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பதும் உண்டு.

நெஞ்சைப் பிளக்கணுமா?

இந்தப் பயத்திலேயே ஆபரேஷனைத் தள்ளிப்போடுபவர்கள் உண்டு. உண்மையில் சுமார் 10-ல் 9 பேருக்குக் கழுத்தில் போடும் கீறல் வழியாகவே கட்டியை மேலே தூக்கி எடுத்துவிட முடிகிறது. காரணம் எளிது. கட்டி நெஞ்சுக்குள் இறங்கினாலும் அதற்கு ரத்தம் கொடுக்கும் குழாய்கள் பெரும்பாலும் கழுத்தில் இருந்தே வருகின்றன. அவற்றை மேலேயே கட்டி நிறுத்திவிடலாம்.

மிக ஆழமாகவோ, மூச்சுக்குழாய்க்குப் பின்பக்கமாகவோ இறங்கிய கட்டி, புற்றுநோய், ஏற்கெனவே ஆபரேஷன் செய்து மறுபடி வளர்ந்த கட்டி போன்றவற்றில் சிலருக்கு மட்டும் மார்பெலும்பைத் திறக்க வேண்டிவரும். இந்தக் கழலைகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல.

ஆபரேஷனுக்குப் பிறகு என்ன கவனிக்க வேண்டும்?

குரல் நரம்பு பாதித்தால் குரல் கம்மலாம். தைராய்டை ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் பாதித்தால் கால்சியம் குறைந்து விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் மரமரப்பு வரும். இரண்டும் பலருக்குத் தற்காலிகம்தான். சுரப்பியை முழுதாக எடுத்தவர்கள் வாழ்நாள் முழுக்க தைராக்சின் மாத்திரையை வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். காலை காபி அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுத்துத்தான்.

எப்போது தாமதிக்கக் கூடாது?

மூச்சை இழுக்கும்போது 'கீச்' என்ற சத்தம், திடீரென அதிகமாகும் மூச்சுத்திணறல், ஆபரேஷன் முடிந்தபின் கழுத்து வேகமாக வீங்குவது... இவை அவசர நிலை, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மற்றபடி, வீசிங் மருந்துக்குக் கேட்காத மூச்சுத்திணறல் படுத்தால் அதிகமாகிறது என்றால், வீட்டில் யாருக்காவது தைராய்டு கட்டி இருந்தது என்றால், அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்க. ஒரு நெஞ்சு எக்ஸ்ரே பல மாத அலைச்சலை மிச்சப்படுத்தலாம்.