கஞ்சித் தொட்டி: ஒரு சூடான காலை உணவின் கதை

இந்த எபிசோடுக்காக ஆரணி வந்திருக்கேன். மார்கழிக் காலை, நல்ல பனி. பட்டு நெசவு ஊர்ல கஞ்சின்னா ரெண்டு அர்த்தம். ஒண்ணு, பாவு நூல் விறைப்பா நிக்கணும்னு போடுற அரிசிக் கஞ்சி. இன்னொண்ணு, குழித்தறியில காலை விட்டு உட்காருறதுக்கு முன்னாடி வயித்துக்குப் போற கஞ்சி. இன்னைக்கு ரெண்டாவதைப் பத்திப் பேசலாம். அதுக்குள்ள எக்கச்சக்க அரசியல் இருக்கு.

முதல்ல செய்முறை. கூழ் வேற, கஞ்சி வேற. கேழ்வரகு மாவைக் கரைச்சுப் புளிக்க வச்சு, கெட்டியாக் கிண்டி, ஆறினதும் மோர் விட்டுக் கரைச்சா கூழ்; வெயிலுக்கு அது. பனிக்குக் கஞ்சிதான். ரெண்டு ஸ்பூன் மாவைப் பச்சைத் தண்ணியில கட்டியில்லாமக் கரைங்க. கொதிக்கிற தண்ணியில ஊத்திக் கைவிடாமக் கிண்டுங்க. பத்து நிமிஷத்துல பச்சை வாசனை போய்ப் பளபளன்னு வரும். உப்பும் சின்ன வெங்காயமும், இல்லேன்னா வெல்லம். அவ்ளோதான்.

இப்போ 1876-க்குப் போவோம். பருவமழை பொய்த்தது. ஆரணி அப்போது இருந்த வட ஆற்காடு உட்பட சென்னை மாகாணத்தின் பல மாவட்டங்கள் பஞ்சத்தில் விழுந்தன. 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் பிரபு அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள் வந்து சேர்ந்தார். இதே டெம்பிள்தான் 1873–74 பீகார் பஞ்சத்தில் பர்மாவிலிருந்து அரிசி இறக்கி ஏராளமான உயிர்களைக் காப்பாற்றியவர். அதுக்குக் கிடைச்ச பரிசு, ‘ஓவரா செலவு பண்ணிட்டார்’ங்கிற திட்டு. அந்தத் திட்டைச் சுமந்துக்கிட்டேதான் சென்னைக்கு வந்தார்.

நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு ஒரு நாளைக்கு 1 பவுண்டு தானியம், கூடக் கொஞ்சம் காசு என்று நிர்ணயித்தார். சுமார் 450 கிராம். நாள் முழுக்க மண் வெட்டுறவருக்கு! எங்க ஃபீல்டு பாஷையில சொன்னா, மினிமம் கான்ஃபிகரேஷன் எவ்வளவுன்னு ப்ரொடக்ஷன்லயே டெஸ்ட் பண்ணினாங்க. சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் கடுமையாக எதிர்த்தார்: குறைந்தது ஒன்றரை பவுண்டு வேணும், பருப்பும் காய்கறியும் வேணும். சில மாதங்களில் அளவு ஓரளவு ஏறியது, கொஞ்சம் பருப்பும் சேர்ந்தது. அந்தப் பஞ்சம் முடிவதற்குள் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள்.

நெசவாளிக்கு இதுல தனிச் சிக்கல். விவசாயிக்குப் போனது விளைச்சல். நெசவாளிக்குப் போனது வாடிக்கையாளர். தானிய விலை ஏறினா ஜனங்க முதல்ல நிறுத்துறது துணி வாங்குறதைத்தானே? அதனாலதான் ஊர்ல நெல் இருந்தாலும் தறிக்காரர் வீட்டு அடுப்பு எரியாம இருக்கலாம்.

இது பழங்கதை இல்லைங்க. 2000-களின் தொடக்கத்தில் கைத்தறி நெசவாளர்கள் வேலையில்லாமல் தவித்தபோது, எதிர்க்கட்சியாக இருந்த தி.மு.க. கஞ்சித் தொட்டி திறந்தது. ஆளுங்கட்சியான அ.தி.மு.க. தரப்பு பதிலுக்கு பிரியாணி போட்டது. எனக்கு ரெண்டு பக்கத்து மேலயும் கோபம்தான். தறிக்காரருக்குத் தேவைப்பட்டது ஆர்டரும் கூலியும். தன் கஞ்சியைத் தன் வீட்டுல குடிக்கிறதும், பாத்திரத்தோட வரிசையில நின்னு வாங்குறதும் ஒண்ணா?

கேழ்வரகுக்கு இன்னொரு கதை. ரேஷன் அரிசி வந்த பிறகு அது ‘ஏழைச் சாப்பாடு’ன்னு ஒதுங்கிடுச்சு. ஆரணியே இன்னைக்கு அரிசி ஆலைகளுக்குப் பேர்போன ஊர். 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டு தருமபுரி, நீலகிரி ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தரத் தொடங்கினார்கள். சிட்டியில அதுவே ஹெல்த் மிக்ஸ்!

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தை இதோடு சேர்த்துப் பார்க்கிறேன். உப்புமா, கிச்சடி, பொங்கல், எல்லாம் சூடா. முக்கியமா, யார் வீட்டுல தறி ஓடலன்னு யாரும் கேக்கறதில்லை. வகுப்புல இருக்கிற எல்லாப் பிள்ளைக்கும் தட்டு உண்டு.

அடுத்த எபிசோடுல அந்த முதல் கஞ்சி, பாவு நூலுக்குப் போறது. அதுவரைக்கும் அடுப்பை சிம்ல வைங்க, அடிப்பிடிச்சிடும்.