பெட்டிக்குள் ஒரு வயல்

குறுவை அறுவடையின்போது ஒரு கதிரை உள்ளங்கையில் வைத்துக் கசக்கிப் பாருங்கள். சில மணிகள் நிறைந்திருக்கும். சில வெறும் பதராக இருக்கும். பதர் மிகுந்துபோனால் காரணம் என்ன? வெயில் என்பார் ஒருவர். தண்ணீர் பிந்தியது என்பார் மற்றொருவர். காற்று என்பார் இன்னொருவர். வயலில் இவை யாவும் ஒரே சமயத்தில் மாறுகின்றன. எதைக் குற்றவாளி என்பது? 1922-இல் நிறுவப்பெற்ற ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம், 1965-இல் ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால நெல்லை நமக்குத் தந்தது. ஆயினும் திறந்த வயலில் வானிலையை விரும்பியபடி மாற்றி வைக்க எவராலும் இயலாது.

ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாறாமல் வைத்துச் சோதிப்பது இயற்பியலின் பழைய வழி. பயிர்களுக்கு இவ்வழியைப் பெரிய அளவில் கொண்டுவந்தவர் ஃபிரிட்ஸ் வென்ட். 1949-இல், அமெரிக்காவில் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் அவர் அமைத்த கூடத்தில் வெப்பம், ஒளி, ஈரப்பதம் ஆகியவை மனிதன் சொற்படி கேட்டன. இயற்பியலாரின் சைக்ளோட்ரானை நினைத்து, வேடிக்கையாக அதற்குப் ‘பைட்டோட்ரான்’ என்று பெயரிட்டனர். பெயர் நிலைத்துவிட்டது.

நெல்லுக்கும் அத்தகைய கூடம் வந்தது. பிலிப்பைன்ஸ் நாட்டின் லாஸ் பானோஸ் ஊரிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் 1974-இல் ஒரு பைட்டோட்ரான் திறக்கப்பட்டது. சடாகே, யோஷிடா என்னும் ஜப்பானிய அறிஞர்கள் 1978-இல் வெளியிட்ட ஆய்வு, பதரின் மர்மத்தை விளக்கியது. நெற்பூ முற்பகலில் ஏறத்தாழ ஒரு மணி நேரமே விரிந்திருக்கும். அந்நேரத்தில் வெப்பம் 35 டிகிரி செல்சியசைத் தாண்டினால் மகரந்தம் சரிவர உதிராது, மணி பதராகிவிடும். பூ மூடிய பின் வரும் வெயில் அவ்வளவு தீங்கு செய்வதில்லை. வெப்பத்தை நன்கு தாங்கிய வகையோ நம் நாட்டு என் 22!

ஆனால் பெட்டிக்கும் ஒரு குறை உண்டு. அங்கே வேர் தொட்டிக்குள் அடங்கியிருக்கிறது, வயற்காற்று இல்லை. மண்பானை நீர் குளிர்வது எதனால்? ஆவியாதலால் அல்லவா? நெற்கதிரும் அவ்வாறே தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. உலர்ந்த காற்று வீசினால் பூவின் வெப்பம் காற்றின் வெப்பத்தைவிடக் குறையும். புழுக்கத்தில் அந்த உதவி கிட்டாது.

ஆகவே பெட்டியின் முடிவைத் திறந்த வெளியில் சரிபார்க்க வேண்டியதாயிற்று. 1998-இல் ஜப்பானின் ஷிசுகுயிஷி வயல்களில், நெல்லைச் சுற்றி வளையமாகக் குழாய்கள் அமைத்து, சுவரின்றியே கரியமில வாயுவை மிகுதியாக்கினர். பல பயிர்களில் இத்தகைய சோதனைகளைத் தொகுத்து 2006-இல் வெளியான ஆய்வு, அவ்வாயுவால் கிடைக்கும் கூடுதல் விளைச்சல் மூடிய அறைகளில் கண்டதில் ஏறக்குறைய பாதியே என்றது. பெட்டியை மட்டும் நம்பியிருந்தால், உலகின் உணவுக் கணக்கே பிழைத்திருக்கும்.

நம் நாட்டில் புது தில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் 1997-இல் தேசியப் பைட்டோட்ரான் அமைந்தது. எனினும் தஞ்சைக்குரிய விடையைத் தஞ்சை மண்ணில்தான் சரிபார்க்க வேண்டும். ஆகஸ்டு மாதத்தில் இங்கே பகல் வெப்பம் 35 டிகிரியைத் தொடுவது அரிதன்று. குறுவை பூப்பதும் அப்பருவத்தில்தான். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கப்படுவது மரபு. அந்த நீர் வேருக்கு உணவு கொண்டுசெல்வதோடு, கதிருக்குக் குளிர்ச்சியும் தருகிறது. வெப்பம் ஏறிவரும் நாளில், தண்ணீர் பிந்தியது என்றவரும் வெயில் என்றவரும் ஒரே உண்மையின் இரு பாதிகளைத்தான் சொன்னார்கள்.