நூல் முயலும் "சும்மா" என்ற சொல்லும்

உம்மா பின்னிய நூல் முயலொன்றை ஒரு பிள்ளை வகுப்புக்குக் கொண்டு வந்தது. "உம்மா வீட்டில சும்மாதான் இருக்கிறா, டீச்சர். இதுகளைப் பின்னி விற்பா" என்றது.

அந்தச் "சும்மா" பழைய சொல். 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் வந்தது. கன்னியாஸ்திரிகள் பெண்களுக்குக் குரோசே பழக்கினார்கள். கொக்கி ஊசியும் நூலும்தான் முதல். பின்னிய லேசை விற்றுப் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது.

அதே நூற்றாண்டில் மிஷனரிமார் இந்தியாவின் ஆந்திரக் கரையிலுள்ள நர்சாபூருக்கும் லேஸ் வேலையைக் கொண்டு வந்தார்கள். அங்குள்ள பெண்கள் பின்னியது கப்பலேறி வெளிநாடு போனது. ஆய்வாளர் மரியா மீஸ் 1982இல் அவர்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நாள் முழுக்க ஊசி பிடித்தவர்களை ஊர் "வீட்டுப் பெண்கள்" என்றே சொன்னது; வேலையை ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்றது. அதனால் கூலியும் சொற்பம். வியாபாரமும் இலாபமும் ஆண்கள் கையில்.

நம்ம ஊரில் ஒரு முயலுக்கு விலை பேசும்போது நூலின் விலையை மட்டும் பார்க்காமல், கண்ணும் விரலும் நொந்த மணித்தியாலங்களையும் கணக்கில் எடுப்போம். பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுப்போம்: உம்மா சும்மா இல்லை, உழைக்கிறா.